ஃப்ரோஸன் 2: அணையை உடைக்கிற இடத்தைப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: சத்துவாச்சாரி மாடி வகுப்பு

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிறவர்கள். ஒரு வாரம் கதை வாசிப்போம், மறுவாரம் படம் பார்ப்போம். போன சனிக்கிழமை டிஸ்னியின் கார்ட்டூன் படம் ஃப்ரோஸன் 2 போட்டேன், தமிழில். எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல், அன்னாவுக்கு டிடி, பனிப் பொம்மை ஓலாஃபுக்கு சத்யன். தமிழில் கேட்டதால் சின்னப் பிள்ளைகள்கூட ஒரு வசனத்தையும் விடவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரெண்டெல் நாட்டு அரசி எல்சாவுக்கு ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதைத் தேடித் தங்கை அன்னாவோடு வடக்கே ஒரு காட்டுக்குப் போகிறாள். அந்தக் காட்டை முப்பத்து நான்கு வருடமாக மூடுபனி மூடியிருக்கிறது. உள்ளே நார்துல்ட்ரா என்ற காட்டு மக்கள் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நட்புப் பரிசாகத் தாத்தா அரசர் ஓர் அணை கட்டிக் கொடுத்தார் என்றுதான் அரண்மனையில் இந்தப் பெண்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உண்மை வேறு. அந்த மக்களின் நிலத்தை நலிய வைத்து, தன்னையே நம்பி வாழ வைக்கத்தான் அவர் அதைக் கட்டினார். கேள்வி கேட்ட தலைவரை, கையில் ஆயுதம் இல்லாதவரை, பின்னாலிருந்து வெட்டிக் கொன்றார். இது தெரிந்ததும், தன் ஊரே மூழ்கும் என்று தெரிந்தும், அன்னா அணையை உடைக்க வைக்கிறாள். வெள்ளம் ஊரை நெருங்கும்போது எல்சா வந்து பனிச்சுவர் எழுப்பி ஊரைக் காப்பாற்றிவிடுகிறாள்.

படம் முடிந்ததும் ஏழாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், புல்லூர்ல ஆந்திராக்காரங்க கட்டியிருக்கிற அணையையும் இப்படி உடைச்சா நம்ம பாலாத்துல தண்ணி வருமா?" பக்கத்தில் இருந்த பையன் உடனே, "நம்ம ஊரு மூழ்கிடாதா?" என்றான். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. அந்தக் காட்டு மக்கள் கற்பனையா, நிஜத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா? அப்புறம், கடைசிக் காட்சி எனக்கு ஏனோ ஒட்டவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள், என்னால் தட்ட முடியவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

*

பதில்: காட்பாடி ரயிலடி

அக்கா, 2019 நவம்பரில் படம் வந்தபோதே என் பெண்ணைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். முதல் படம் நேர்க்கோடு மாதிரி போகும், அக்கா தங்கை பாசம் ஒன்றுதான் அதில். இரண்டாவதில் குரல், காடு, நான்கு பூதங்கள், பனிமலை, தாத்தாவின் துரோகம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறார்கள். என் பெண்ணுக்கு அதில் நினைவு நிற்பது, இருட்டுக் கடலில் எல்சா அந்தத் தண்ணீர்க் குதிரையை அடக்கி ஏறுகிற இடம் மட்டும்தான். எனக்கும் அதுதான் படத்திலேயே சிறந்த இடம்.

பிள்ளைகளிடம் பேச இன்னொரு வழி இருக்கிறது. காற்று, தீ, நீர், நிலம் என்று நான்கைக் காட்டிவிட்டு ஐந்தாவது எது என்று படம் தேட வைக்கிறது. நம் பிள்ளைகளைக் கேட்டால் யோசிக்காமல் ஆகாயம் என்பார்கள். நிலத்துக்குக் காஞ்சிபுரம், நெருப்புக்குத் திருவண்ணாமலை, காற்றுக்குக் காளஹஸ்தி. பஞ்சபூதத் தலங்களில் மூன்று வேலூரைச் சுற்றியே இருக்கின்றன, பாதிப் பிள்ளைகள் போய்வந்திருப்பார்கள். படத்தில் ஐந்தாவதாக வருவது ஆகாயம் இல்லை, மனிதர்களையும் மற்ற நான்கையும் சேர்க்கிற ஒரு பாலம், அதாவது எல்சா. நம் ஐந்தாவதும் அவர்களுடைய ஐந்தாவதும் ஏன் வேறாக இருக்கின்றன என்று பேசினாலே ஒரு சாயங்காலம் போதாது.

பாலாற்றை மட்டும் இதில் இழுக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மாநிலப் பிரச்சினை அது. ஒரு படத்தை வைத்துப் பேசினால் அணையை உடை என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

*

பதில்: வாணியம்பாடி பூகோள வாத்தியார்

அம்மா, ரயிலடித் தம்பியின் கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பெண் கேட்ட பிறகு பேசாமல் விடக் கூடாது. முப்பத்தொரு வருடம் பூகோளம் நடத்தியவன் நான். அப்படி ஒரு கேள்வி வகுப்பில் வருமா என்று காத்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. இந்தப் படத்தை என் பேத்தியோடு இரண்டு முறை பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மக்கள். நார்துல்ட்ரா என்பது படத்துக்காக வைத்த பெயர். ஆனால் அவர்களுக்கு முன்மாதிரியானவர்கள் நிஜமாக இருக்கிறார்கள். நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழ்கிற பழங்குடிகள். பெயர் சாமி. நம் காதுக்குக் கடவுள் என்று விழும், அவர்கள் தங்களையே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. ரெயின்டீர் எனும் பனிமான் மேய்ப்பதும் மீன்பிடிப்பதும் அவர்களுடைய பழைய தொழில். யோய்க் என்று ஒரு பாட்டுமுறை வைத்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றிப் பாடுவதில்லை, அந்த ஆளையே பாடுகிறோம் என்பார்கள். நார்வே அரசு பல தலைமுறைகளாக அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசவிடாமல் நார்வே மொழிக்கு மாற்றியது.

2013-ல் வந்த முதல் படம் தொடங்கும்போது ஒரு கூட்டுக்குரல் வரும், ஞாபகம் இருக்கிறதா? அதை அமைத்தவர் ஃப்ரோடே ஃப்யெல்ஹைம், தெற்குச் சாமி வழிவந்த இசைக்கலைஞர். அந்தப் படத்தில் அன்னாவின் காதலன் கிறிஸ்டாஃபின் உடை, அவன் வளர்க்கும் பனிமான் எல்லாம் சாமி வாழ்க்கையிலிருந்து வந்தவை. ஆனால் அந்த மக்களின் பெயர் எங்கும் இல்லை. அதனால் மனக்குறை எழுந்தது. இரண்டாவது படத்துக்கு முன்னால் டிஸ்னி நிறுவனம் மூன்று நாட்டுச் சாமி நாடாளுமன்றங்களோடும் சாமி கவுன்சிலோடும் 2019-ல் எழுத்தில் ஒப்பந்தம் போட்டது. அவர்களுடைய ஆலோசகர்கள் கதையையும் உடைகளையும் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். வடக்குச் சாமி மொழியிலும் படம் குரல் மாற்றி வந்தது. உங்கள் மாடியில் பிள்ளைகள் ஒரு வசனத்தையும் விடாமல் கேட்டார்கள் என்று எழுதினீர்களே, அதே மாதிரி அங்கே ஒரு பிள்ளை தன் பாட்டி பேசுகிற மொழியில் எல்சா பேசுவதைக் கேட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பேசாதே என்று தடுத்த மொழி அது.

இப்போது அணை. நார்வேயின் வடக்கோடியில் ஆல்டா என்று ஓர் ஆறு. அதன் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் போட்டார்கள். முதலில் போட்ட திட்டப்படி மாஸே என்கிற சாமி ஊரே மூழ்கியிருக்கும். பனிமான்கள் இடம்பெயரும் வழி, சால்மன் மீன் எல்லாவற்றுக்கும் ஆபத்து. 1979-ல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் தங்கள் கூடாரத்தைப் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், கடுங்குளிரில், தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ் தூக்கிப்போனது. வழக்கிலும் தோற்றார்கள். அளவைக் குறைத்து அணை எழும்பியது, 1987-ல் முடிந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தால்தான் அந்த மக்கள் இருக்கிறார்கள் என்பதே நாட்டுக்கு உறைத்தது. 1989-ல் நார்வேயில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. படத்தில் ஆல்டா என்ற பெயர் வராது. ஆனால் அந்தக் காட்டில் ஓர் அணையை வைத்து, அதைப் பரிசு என்று சொல்ல வைத்தால், அங்குள்ளவர்களுக்கு வேறு எது ஞாபகம் வரும்?

சரி, பாலாறு. பிள்ளைகளுக்கு முதலில் ஆற்றின் நீளத்தைச் சொல்லுங்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் 1892-ல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, கீழே இருப்பவர்களைக் கேட்காமல் மேலே அணை கட்டக் கூடாது என்று. புல்லூரில் கனகநாச்சியம்மன் கோயில் பக்கம் இருக்கிற தடுப்பணையை 2016-ல் ஆந்திரம் உயர்த்திக் கட்டியது. நம் அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. அந்தப் பெண் கேட்பதற்கு ஆதாரம் இருக்கிறது, அவளிடம் அதை ஒளிக்க வேண்டாம்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதை.

எங்கள் கழனி ஆற்றோரம். நான் பையனாக இருந்தபோது ஆற்றில் மணலைக் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று. அம்மா சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றுவார். எண்பதுகளில் எங்கள் கிணறு முதலில் லேசாகக் கரித்தது. அப்புறம் தென்னையில் குரும்பை உதிர்ந்தது. ஒரு போகம் நெல் முழுக்கப் பதராக நின்றது. அப்பா கதிரைக் கசக்கி உள்ளங்கையில் ஊதிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மேட்டில் இருந்த தோல் தொழிற்சாலையின் தண்ணீர்தான் காரணம். பலரும் தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியத்தை மட்டும் சொல்வார்கள். அதைவிடக் கிணறுகளைக் கெடுத்தது உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுக் கொண்டுவருவார்கள், அதை ஊறவைத்துக் கழுவிய தண்ணீர் நிலத்தில் இறங்கினால் எளிதில் போகாது.

இதில் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. என் அண்ணன் பதினேழு வயதில் இன்னொரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குப் போனார். கழனி போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் சம்பளத்தில். நான் கல்லூரி போனது அந்தப் பணத்தில். கிணற்றைக் கெடுத்த தொழில்தான் என்னை வாத்தியாராக்கியது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, எங்கே கேட்டாலும் இந்தக் கதை ஒரு வீட்டிலாவது இருக்கும்.

அதனால்தான் இந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்களின் அம்மா இடூனா காட்டு மக்களைச் சேர்ந்தவள், அப்பா அரண்மனைப் பிள்ளை. அம்மாவின் சால்வையை அங்குள்ளவர்கள் பார்த்துவிட்டு, நீங்கள் எங்கள் பிள்ளைகள் என்று சொல்லி எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். முதல் படத்தின் தொடக்கத்தில் வந்த அதே பாட்டு. கெடுத்தவனின் பேத்திகளும் கெடுக்கப்பட்டவர்களின் பேத்திகளும் ஒரே ஆட்கள். இதை ஒரு குழந்தைப் படம் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புல்லூரில் நாம் அந்தக் காட்டு மக்கள். வாணியம்பாடிக்குக் கீழே நாமே அரெண்டெல். உங்களுக்கும், இன்னும் கீழே காஞ்சிபுரம், செங்கல்பட்டு வரைக்கும் அந்தத் தண்ணீரை அனுப்பியது எங்கள் ஊர்கள். மணலை அள்ளியதும் வேறு மாநிலத்து ஆட்கள் இல்லை. பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள் அம்மா.

கடைசிக் காட்சி ஏன் ஒட்டவில்லை என்று கேட்டீர்கள். அன்னா அணையை உடைக்க முடிவெடுக்கும்போது ஊர் போனாலும் போகட்டும் என்றுதான் எடுக்கிறாள். தனியாக, அழுதுகொண்டே, அடுத்த அடியை மட்டும் பார்த்து நடக்கிறாள். படத்தின் உயிர் அந்தப் பத்து நிமிடம். அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. எல்சா சுவர் எழுப்பியதும் அந்த விலையைப் படம் தள்ளுபடி செய்துவிடுகிறது. ஒரு வீட்டுத் திண்ணைகூட நனையவில்லை. அம்மா அப்பாவின் சிறுவயதுச் சிலை ஒன்றைத் திறக்கிறார்கள். நல்ல சிலைதான். ஆனால் முப்பத்து நான்கு வருடம் அடைபட்டவர்களுக்கு அரெண்டெல் என்ன கொடுத்தது?

நம்மிடம் இதற்கு ஒரு பதில் ஏட்டில் இருக்கிறது. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்று நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கு என்றே பாடம் நடத்துகிறார்கள். தீர்ப்புப்படி செய்ய வேண்டியவை பாக்கி என்பதால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. கெடுத்தவர் விலை கொடுப்பது, டிஸ்னி எழுதத் தயங்கிய காட்சி அதுதான்.

இன்னொன்று. தண்ணீருக்கு நினைவு உண்டு என்று ஓலாஃப் சொல்வான். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஆறு செத்தது என்று நினைத்து உள்ளே கட்டியிருந்த வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் போயிற்று. 1903 நவம்பர் வெள்ளத்தில் வாணியம்பாடி அழிந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆறு தன் அகலத்தை மறக்கவே இல்லை என்று அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தேன்.

*

பதில்: ஆரணி ரோடு

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் படுகளம் ஞாபகம் வந்தது. திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள், ராத்திரி ராத்திரி கூத்து. கடைசி நாள் காலையில் மைதானத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். அவன் தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தலை முடிப்பாள். ஊரே அதற்காகத்தான் காத்திருக்கும். ஆனால் அதோடு கூத்து முடியாது. காந்தாரி வந்து மகன்மேல் விழுந்து அழுவாள். இரவெல்லாம் துரியோதனனைத் திட்டிய பெண்கள் அவளோடு சேர்ந்து அழுவார்கள். என் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

டீச்சருக்கு அந்த முடிவு ஒட்டாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு பெரிய அநியாயம் தீரும்போது யாராவது எதையாவது இழந்து அழ வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே யாரும் அழவில்லை. கொல்லப்பட்ட அந்தத் தலைவருக்காகக்கூட அவருடைய ஆட்கள் ஒரு பாட்டுப் பாடுவதாகக் காட்டவில்லை. யோய்க் என்பது ஆளையே பாடுவது என்று ஐயா சொன்னதும் எனக்கு ஒப்பாரிதான் தோன்றியது. நாமும் செத்தவரைப் பற்றியா பாடுகிறோம், அவரையே கூப்பிட்டு அல்லவா பாடுகிறோம்.

*

கேட்டவர்: சத்துவாச்சாரி மாடி வகுப்பு

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு முடிந்தது. பஞ்சபூதத்தில் தொடங்கினேன் தம்பி, நீங்கள் சொன்னபடி எல்லோரும் ஆகாயம் என்றுதான் கத்தினார்கள். அப்புறம் சாமி மக்களின் கூடாரம், பனிமான், ஆல்டா ஆறு. தாய்மொழி பேசக் கூடாது என்ற பள்ளிக்கூடத்தைச் சொன்னபோது ஒரு பையன், "மிஸ், எங்க வீட்ல உருது பேசுவோம், எங்களையும் சொல்லுவாங்களா?" என்று கேட்டான். அதையே அரைமணி நேரம் பேசினோம்.

ஐயா, உங்கள் அனுமதி கேட்காமல் உங்கள் கிணற்றுக் கதையையும் அண்ணன் கதையையும் சொல்லிவிட்டேன். ஊர்ப்பெயர் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி, இதுவரை அதிகம் பேசாதவள், தன் அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிக்குத்தான் போகிறார் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா கம்பெனிய மூடணும்னு சொல்றீங்களா மிஸ்?" என்று கேட்டாள். மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்ப ஆகிற செலவை யார் கொடுக்க வேண்டும் என்று அவளையே கேட்டேன். "ஷூ வாங்கறவங்களும் கொடுக்கணும்" என்றாள். அதை நான் யோசித்ததே இல்லை.

புல்லூர் கேள்வி கேட்டவள் கடைசியில் தன் முடிவைச் சொன்னாள். அவள் கதை எழுதினால் வெள்ளம் அரெண்டெலுக்குள் கொஞ்சம் வந்துவிடுமாம். அரண்மனைக்குள் முழங்கால் அளவு. அங்குள்ளவர்கள் காட்டு மக்களிடம் வந்து, எங்கே தங்குவது என்று கேட்பார்களாம். அவர்கள் இடம் கொடுப்பார்களா என்று கேட்டேன். அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் விருதம்பட்டுப் பாலத்துப் பக்கம் ஆற்றுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். இப்போது அங்கே மணலில் கையால் தோண்டினால் ஊற்று வருகிற இடம் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

பதில்: காட்பாடி ரயிலடி

அக்கா, நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சனிக்கிழமை என் பெண்ணையும் அழைத்துவரலாமா?